சூசைக் குளத்திலிருந்து பதில்

மணப்பட்டுக்குத் திரும்பும் முனையில் வண்டியை நிறுத்தி இறால் பண்ணைக்கு வழி கேட்டேன். டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பெண் என்னையும் தோளில் தொங்கிய லேப்டாப் பையையும் பார்த்தாள்.

"விஜயராஜ் பண்ணைக்கா?"

"ஆமாம்மா. கம்ப்யூட்டர் வேலை."

"எங்க வூட்டுக்காரரும் அந்த வேலைக்குத்தான் போனாரு. யூஜின்னு பேரு. மோட்டார் பாக்கக் குளத்துல இறங்குனவரு, கரண்ட் அடிச்சு அங்கியே போயிட்டாரு. குடிச்சிட்டு இறங்கிட்டாருன்னு எழுதி மூடிட்டாங்க. அவரு குடிச்சதே இல்லண்ணா. பண்ணையில உப்புத் தண்ணிய நெல்லு வாய்க்கால்ல வுடறாங்க, கம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல சொல்லப் போறேன்னு சொல்லிட்டிருந்தாரு. அதுக்குள்ள இப்பிடி ஆயிடுச்சு." கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள். "நேராப் போங்க. தண்ணில மட்டும் கால் வைக்காதீங்க."

அவள் பேர் அன்னாமேரி. நான் எச்சரிக்கைகளை மதிக்கிற ஆள் இல்லை. வில்லியனூரில் கம்ப்யூட்டர் கடை வைத்து, எலி கடித்த ஒயரையும் டீ கொட்டிய கீபோர்டையும் பார்த்துப் பார்த்து, எந்த மர்மத்துக்கும் பின்னால் ஒரு லூஸ் கனெக்ஷன் இருக்கும் என்று நம்பிப் பிழைப்பவன். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் நம்பினேன்.

இறால் பண்ணை என்றால் தூரத்திலேயே தண்ணீரை அடிக்கும் சக்கரங்களின் சத்தம் கேட்கும். இங்கே ஒரு சத்தமும் இல்லை. வானம் மூடிக்கிடந்தது. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் சேறும் ஊறிப்போன தீவனமும் சேர்ந்து நாறின. மூன்று குளங்கள், நடுவில் ஒரு தகர ஷெட். முதல் குளத்தின் ஓரத்தில் தண்ணீருக்கு மேல் ஆயிரக்கணக்கான மீசைகள் அசைந்துகொண்டிருந்தன. மூச்சுக்கு ஏங்கி இறால்கள் மேலே வந்துவிட்டன.

"சகாய சுரேஷ்தானே? வாப்பா, சீக்கிரம் வா." முதலாளி விஜயராஜ் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். "நாளைக்கு அறுவடை. லாரி சொல்லியாச்சு. இன்னிக்குச் சக்கரம் சுத்தலன்னா மொத்தமும் செத்துடும். எனக்குக் கம்ப்யூட்டர்ல ஆன் பண்ணவும் தெரியாது, ஆஃப் பண்ணவும் தெரியாது. எல்லாம் அந்த யூஜின் பண்ணி வச்சது."

ஷெட்டில் மேற்பார்வை பார்க்கும் ராஜ்மோகன் விவரம் சொன்னான். ஒவ்வொரு குளக்கரையிலும் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதுதான் மோட்டாரைப் போடும், நிறுத்தும். ஷெட்டில் இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரில் குளத்தின் பேரைத் தட்டி உத்தரவு கொடுக்க வேண்டும். யூஜின் வைத்த பேர்கள் அந்தோணி, சூசை, லூர்து. சுவரில் அவன் கையெழுத்தில் பெயிண்டால் எழுதியிருந்தது: 'பேர் சொல்லு, பதில் வாங்கு, அப்புறம் இறங்கு.'

"தண்ணில இறங்குறவன் குளத்துப் பேரைச் சொல்லிக் கத்தணும்ணே. ஷெட்ல இருக்கறவன் நிறுத்திட்டு, நிறுத்தியாச்சுன்னு திருப்பிக் கத்தணும். அவரு பழக்குனது."

உட்கார்ந்தேன். முதலில் பிங். பிங் என்பது பேர் சொல்லிக் கூப்பிடுவதுதான். அந்தக் கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தால் தன் நெட்வொர்க் எண்ணோடு பதில் அனுப்பும். அந்தோணியைக் கூப்பிட்டேன். பதில் சூசையின் எண்ணிலிருந்து வந்தது. லூர்துவைக் கூப்பிட்டேன். அதற்கும் சூசைதான்.

"சூசை எங்க இருக்கு?"

ராஜ்மோகன் நடுக்குளத்தைக் காட்டினான். "அதுலதான் அவரு செத்தாரு. அதோட கம்ப்யூட்டரை அப்பவே கழட்டிட்டோம்."

நம்பாமல் போய்ப் பார்த்தேன். பெட்டிக்குள் வெட்டிய ஒயர் நுனிகளும் ஒரு தவளையும்தான் இருந்தன. குளம் வற்றிப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நல்ல சாவுக்குச் சூசையப்பரை வேண்டிக்கொள் என்று எங்கள் வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பேர் வைத்த குளத்தில் அவனுக்கு அப்படி ஒரு சாவு. திரும்பி வந்து சூசையைக் கூப்பிட்டேன்.

உடனே பதில் வந்தது.

வேலையைப் பார்ப்போம் என்று என்னையே அதட்டினேன். ஒரு பேரைச் சொன்னால், அதற்குரிய எண் எது என்று லினக்ஸ் முதலில் தன்னிடம் இருக்கும் பேர்ப் பட்டியலான ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்கும். அங்கே இல்லாவிட்டால்தான் வெளியே, பேருக்கு எண் சொல்லும் டி.என்.எஸ்.ஸைக் கேட்கும். டி.என்.எஸ். சரியான எண்ணைத்தான் சொன்னது. அப்படியானால் கோளாறு ஹோஸ்ட்ஸ் ஃபைலில் இருந்தாக வேண்டும். திறந்தேன். அதில் இந்தக் கம்ப்யூட்டரின் பேரைத் தவிர வேறு எதுவும் இல்லை. தேடும் வரிசையும் சரி. சேமித்து வைத்த பழைய பதில்களை அழித்தேன், கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன்.

மறுபடியும் சூசை.

பேரை விட்டுவிட்டு லூர்துவின் எண்ணை நேராகத் தட்டி உத்தரவு கொடுத்தேன். வெளியே லூர்துவில் சக்கரங்கள் சடசடவென்று சுற்றத் தொடங்கின. விஜயராஜ் கும்பிடாத குறையாக என் தோளைப் பிடித்தார்.

"எண் வேலை செய்யுது சார். பேர்தான் தடம் மாறிப் போகுது. ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல யாராச்சும் தப்பா ஒரு வரி எழுதியிருந்தா இப்படி ஆகும். ஆனா அதுல ஒண்ணுமே இல்ல."

"எப்படிப்பா இருக்கும்? லூர்து வரியை நான் அன்னிக்கே அழிச்சுட்டேனே" என்றார்.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். ராஜ்மோகன் தரையைப் பார்த்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆன் பண்ணவே தெரியாது என்று சொன்ன இந்த மனிதர் அன்றைக்கு லூர்துவின் பேருக்கு நேராகச் சூசையின் எண்ணை எழுதியிருக்கிறார். யூஜின் முறைப்படி பேர் சொல்லி, பதில் வாங்கி, சூசையில் இறங்கினான். ஷெட்டிலிருந்து யாரோ லூர்துவைப் போட்டார்கள். போட்டது லூர்து, போன கரண்ட் சூசைக்கு.

"தட்டுனது நான்தாண்ணே" என்று ராஜ்மோகன் மெல்லிய குரலில் சொன்னான். "எனக்குத் தெரியாது. அப்புறந்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சப்புறமா யூஜின் குடிச்சிருந்தாருன்னு சொன்ன?"

எனக்கு அவன்மேல் வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

"கதையெல்லாம் அப்புறம். அந்தோணியப் போடு" என்றார் விஜயராஜ். குரல் மாறியிருந்தது.

எண்ணைத் தட்டினேன். அந்தோணியில் மோட்டார் உறுமியது, சக்கரம் சுற்றவில்லை. வலைக்கயிறு சிக்கியிருந்தது. யூஜின் போனதிலிருந்து கூலி ஆட்கள் ஒருவரும் தண்ணீரில் இறங்குவதில்லை. மீசைகள் அடங்கத் தொடங்கியிருந்தன.

"நானே இறங்குறேன்" என்றார் விஜயராஜ்.

"மெயினை அணைச்சுட்டு இறங்குங்க சார்."

"மெயினை அணைச்சா லூர்து நின்னுடும். அந்தோணிய மட்டும் நிறுத்து."

எண்ணைப் போட்டு நிறுத்தினேன். சத்தியமாக நிறுத்தினேன். 'நின்றது' என்று திரையில் வந்தது. மோட்டார் உறுமலும் அடங்கியது. இருந்தாலும் பதில் சொல்லக்கூடாது, அவரை இறங்க விடக்கூடாது என்று என் மனசு அடித்துக்கொண்டது. மழை தூற ஆரம்பித்தது.

கரையில் நின்று விஜயராஜ் கத்தினார். "அந்தோணி, இறங்குறேன்."

வேண்டாம் சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அந்தோணி நிறுத்தியாச்சு."

அது என் குரல் இல்லை.

ராஜ்மோகன் என் பக்கத்திலேயே இருந்தான். அவன் உதடு அசையவில்லை. குரல் வற்றிக் கிடந்த நடுக்குளத்திலிருந்து வந்தது. நிதானமான குரல், வேலை தெரிந்தவன் குரல்.

விஜயராஜ் அதற்குள் இடுப்பளவு தண்ணீரில் இருந்தார். அப்படியே நின்றுவிட்டார். மெதுவாகச் சூசைக் குளத்தின் பக்கம் திரும்பினார். அந்தக் குரலை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

கரையை நோக்கி ஓர் அடி வைத்தார்.

அந்தோணியின் சக்கரம் சுற்றியது.

அவர் கத்தக்கூட இல்லை. நான் ஓடிப்போய் மெயினை இழுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. திரையில் அதுவரைக்கும் 'நின்றது' என்றே இருந்ததாக ராஜ்மோகன் பிறகு சொன்னான்.

போலீஸ் வந்தது. நான் கேட்டதையும் பார்த்ததையும் சொன்னேன். குரலைப் பற்றிச் சொன்னதும் எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டார். ராஜ்மோகனிடம் கேட்டார்கள்.

"சார் கொஞ்சம் குடிச்சிருந்தாரு. சொல்லச் சொல்லக் கேக்காம இறங்கிட்டாரு" என்றான்.

மறுநாள் டீக்கடைக்குப் போய் அன்னாமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ராஜ்மோகன் இன்னா சொன்னான்?"

சொன்னேன்.

"அதே பொய்யா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஆளுக்கு டீ ஆற்றப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம். கடையில் நெட் இல்லை. லேப்டாப்பில் ஒயரும் இல்லை, வைஃபையும் இல்லை. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, பிங் போட்டு ராஜ்மோகன் பேரைத் தட்டினேன். அப்படி ஒரு பேரே தெரியாது என்றுதான் வர வேண்டும்.

சூசையின் எண்ணிலிருந்து பதில் வந்தது. லினக்ஸில் நாமாக நிறுத்தும்வரை பதில் நிற்காது. வரிவரியாக வந்துகொண்டே இருந்தது.

உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுண்ணே. அந்தப் பண்ணையே வேணாம்னு எங்க ஊரு குருவிநத்தத்துக்கே வந்துட்டேன். எங்க நெலத்துலதான் இருக்கேன்."

"ராஜ்மோகன், நான் சொல்றதக் கேளு. தண்ணி பக்கம் போகாத."

"இருண்ணே, கெணத்து மோட்டார் அடைச்சிருக்கு, எடுத்து வுட்டுட்டுப் பேசறேன்." போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் தம்பியைப் பார்த்துக் கத்துவது எனக்குக் கேட்டது. "டேய், மோட்டார நிறுத்துடா. இறங்குறேன்."

இறங்காதே என்று நான் கடை அதிரக் கத்தினேன்.

போனில், நிதானமாக, வேலை தெரிந்த குரல் ஒன்று சொன்னது.

"நிறுத்தியாச்சு."