ஒற்றைப் பலகைத் தடம்

நான்கு மணிப் படத்தில், பனி அளவுகோலுக்குப் பக்கத்தில் காலில் மாட்டும் பனிச்சறுக்குப் பலகை ஒன்று செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. மூன்று ஐம்பதுக்கு வந்த படத்தில் அது இல்லை.

நிகானோர் கைபேசியைக் கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். தான் தங்கியிருந்த குடிசைக்குப் பின்னால் நாற்பது மீட்டர் தள்ளி நடப்பட்ட மரக்கோல், அதில் கறுப்பில் எழுதிய எண்கள், எதிரே கம்பத்தில் பத்து நிமிடத்துக்கொரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பும் கேமரா. அந்தக் கோலைப் பார்ப்பதற்காகவே கீழே சந்தியாகோ நகரில் அலுவலகம் அலுவலகமாக, வேலையைப் போட்டுவிட்டுப் பல்லாயிரம் பேர் கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பார்கள். பனி எண்பத்தாறு சென்டிமீட்டருக்கு ஏறியிருந்தது. நாளை காலைக்குள் நூறு தொடும் என்று நான்கு நாளைக்கு முன்பே சொன்னவன் நிகானோர். அவன் சொன்னால் வரும். அதனால்தான் சறுக்குக்காரர்கள் அவனைத் தீர்க்கதரிசி என்று அழைத்தார்கள். பாதி கிண்டல்தான். மீதிப் பாதிக்காக அவன் எதையும் செய்வான்.

யார் கொண்டுவந்து நட்டது? மலையில் அவனையும் மனைவி லியோகாடியாவையும் தவிர ஒரு ஈ காக்கை கிடையாது. நேற்று மதியமே போலீஸ் சாலையை மூடிவிட்டது. மூடப்போகிறார்கள் என்று கணித்து, மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஏறி வந்தவர்கள் இவர்கள். விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். கீழே மொத்த ஊரும் வயிறெரிந்து நிற்க, மலையும் புதுப்பனியும் மேலே மாட்டிக்கொண்ட இரண்டு பேருக்கு மட்டும்.

அடுப்படியில் லியோகாடியா பூசணி மாவைத் தட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். புயலடித்தால் சொபைபீயா பொரிக்காத வீடு அந்த நாட்டில் இல்லை. பக்கத்து அடுப்பில் ஆரஞ்சுத் தோலும் பட்டையும் போட்ட வெல்லப்பாகு கொதித்தது. அந்த வாசனை, ஈரக் கம்பளிக் காலுறை காயும் நாற்றம், கூரைத் தகரத்தில் காற்று இழுக்கும் நீண்ட முனகல், ஜன்னலில் பால் ஊற்றியதுபோல ஒரே வெள்ளை. பகல்தான், ஆனால் வெளியே வானம் எது தரை எது என்று சொல்ல முடியாத பகல்.

"என்ன தீர்க்கதரிசி, எவ்வளவு ஆச்சு?"

"எண்பத்தாறு."

"அப்போ ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? பனி வரலைன்னா அழறீங்க, வந்தாலும் அழறீங்க. உங்களோட பெரிய தொல்லை."

அவன் சிரித்து வைத்தான். மேசைமேல், தட்டுக்குப் பக்கத்தில், அவளுடைய தேடுகருவி கிடந்தது. சறுக்குக்காரர்கள் மார்பில் கட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி. ஒருவன் பனிக்குள் புதைந்தால் அவனுடைய கருவி சைகை விடும், மற்றவனுடையது கூவி, எத்தனை மீட்டரில் இருக்கிறான் என்று எண் காட்டும். ஒரு வருஷமாக ஒவ்வொரு புயலுக்கும் லியோகாடியா அதைத் தேடும் நிலையில் திருப்பி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அண்ணன் பல்தசார் போன ஆகஸ்டில் பனிச்சரிவில் போனவன். இன்னும் உடல் கிடைக்கவில்லை. இந்தக் கருவியில் பாட்டரி இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது என்று நிகானோரே அவளிடம் பலமுறை சொல்லியிருந்தான்.

சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாமல் விட்டது வேறு.

பல்தசார் புதைந்தது எல்லாரும் மூன்று நாள் தோண்டிய கிழக்குப் பள்ளத்தில் அல்ல. பின்மலைப் பிளவில். அங்கே போகக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றைத் தாண்டினால் ஆயுளுக்கும் மலையேற விடமாட்டார்கள். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் வேறு. அது அவனுக்கும் பல்தசாருக்கும் மட்டுமே தெரிந்த சரிவு, பத்து வருஷமாக யாருக்கும் மூச்சுக் காட்டாமல் வைத்திருந்த இடம். அன்று காற்று அடிக்காது, பயப்படாமல் இறங்கலாம் என்று கணித்துச் சொன்னதும் நிகானோர்தான். பல்தசார் புதைந்ததும் அவன் தேடினான். எண் பன்னிரண்டு, ஏழு, மூன்று என்று இறங்கி ஒன்று புள்ளி எட்டில் நின்றது. காலடியில். மண்வெட்டியை எடுத்தபோது மேலே பனி மறுபடியும் முறிகிற சத்தம் கேட்டது. ஓடிவிட்டான். கீழே வந்து மூச்சிரைக்க நின்றவனிடம் எங்கே என்று கேட்டார்கள். விட்டுவிட்டு ஓடிவந்தேன் என்று எப்படிச் சொல்வது? கிழக்குப் பள்ளம் என்றான்.

கோடையில் பனி உருகியதும் தனியாகப் போய்ப் பார்த்தான். உடல் இல்லை. கற்களுக்கு நடுவில் பல்தசாரின் இடது பலகை மட்டும் கிடந்தது, முனையில் லியோகாடியா சுற்றிக்கொடுத்த மஞ்சள் ஒட்டுநாடாவோடு. சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து பரணில் போட்டான். இந்த வருஷம், அந்த நாட்டின் நடுக்குளிர்காலமான ஜூலை முடிந்தும் வானம் பனியைக் கண்ணில் காட்டவில்லை. வறண்ட குளிர்காலத்தில் பழைய பலகைகளைக் கொளுத்திப் பனியை அழைப்பது சறுக்குக்காரர்கள் வழக்கம். கீழே ஊரில் தீ மூட்டி, ஒயினைக் காய்ச்சிக் குடித்து, கூச்சல் போட்டு ஆளுக்கொரு பலகையை எறிந்தார்கள். இருட்டோடு இருட்டாக நிகானோரும் எறிந்தான். மஞ்சள் நாடா சுருண்டு உருகியது. யாரோ முதுகில் தட்டி, "பலே, நல்ல பலகையாப் பார்த்துத்தான் குடுத்திருக்க!" என்றார்கள். மறுநாளே எல்லாக் கணிப்பும் திரும்பியது. பெரும்புயல்.

நான்கு பத்துப் படம் வந்தது.

பலகை இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டவன் அடுத்த நொடி அதைப் பார்த்தான். கோலிலிருந்து புறப்பட்டுப் படத்தின் ஓரம்வரை, குடிசைப் பக்கமாக ஒரு தடம். இரண்டு பலகையின் தடமல்ல. ஒரு பக்கம் நேர்கோடாக ஒற்றைப் பலகை வழுக்கிய தடம். இடது பக்கம் பலகை இல்லாத கால் தொடைவரை புதைந்து புதைந்து எழுந்த குழிகள்.

அப்போதுதான் காதில் விழுந்தது. காற்றின் முனகலுக்கு அடியில், பின்சுவருக்கு அப்பால். சர்ர்ர் என்று ஒரு இழுப்பு. தொப்பென்று ஒரு புதைவு. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் சர்ர்ர். தொப்.

மேசைமேல் கருவி கூவியது.

லியோகாடியாவின் கையிலிருந்த கரண்டி எண்ணெயில் விழுந்தது. இரண்டு பேரும் எண்ணைப் பார்த்தார்கள். முப்பத்தொன்று. அவர்கள் அசையவில்லை. எண் அசைந்தது. இருபத்தெட்டு. இருபத்திரண்டு.

"என்னோட கருவியா இருக்கும்," என்றான் நிகானோர்.

"உங்களோடது ஆணியில தொங்குது. அணைஞ்சு கிடக்கு."

பதினைந்து. சர்ர்ர். தொப். ஒன்பது. சத்தம் பின்சுவரைத் தொட்டு, சுவரோடு ஒட்டியே நகர்ந்தது. பலகையின் எஃகு விளிம்பு மரச்சுவரில் உரசும் ஒலி, கத்தி தீட்டுவதுபோல. ஜன்னலைக் கடந்தபோது வெள்ளையில் ஒரு கறுப்பு தெரிந்து மறைந்தது. மூன்று. வாசலில் நின்றது. ஒன்று புள்ளி எட்டு.

அந்த எண் அவனுக்குத் தெரியும்.

ஒரு நிமிடம். இரண்டு. கதவு அசையவில்லை. எண்ணெய் கருகி நாறியது. பிறகு சர்ர்ர் என்று ஒலி திரும்பியது. ஐந்து. பதினேழு. முப்பது. நாற்பதில் நின்றுவிட்டது. கைபேசியில் நான்கு இருபதின் படம். கோலுக்குப் பக்கத்தில் பலகை, பழைய இடத்தில். இப்போது பனித்தூள் உதிர்ந்து முனையில் மஞ்சள் தெரிந்தது.

லியோகாடியா அவன் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கினாள்.

"இது எங்க அண்ணனோட பலகை. நான் சுத்தின நாடா." அவள் குரல் குழந்தைக் குரலாகிவிட்டது. "வலது பலகை. இன்னொண்ணு எங்க?"

"எரிச்சிட்டேன்." வாய் தானாக உளறிவிட்டது.

"என்னது?"

"பனி வரட்டும்னு... எல்லாரும் போட்டாங்க..."

"உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

அவள் அடுப்பை அணைத்தாள். ஈரத்துணியில் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக.

"எங்க கிடைச்சுது, நிகானோர்?"

"பின்மலைப் பிளவுல."

"கிழக்குப் பள்ளம்னு சொன்னீங்க. மூணு நாள் தோண்டினாங்க. நான் தோண்டினேன். நகம் பேந்துச்சு." மூச்சு வாங்கினாள். "அவன் உசுரோட இருந்தானா?"

"தெரியலை. சத்தியமாத் தெரியலை. நின்னு பார்க்கலை."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் மூலையிலிருந்த மண்வெட்டியை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தாள்.

"போய் அவனைத் தோண்டிக் கூட்டிட்டு வா."

நீங்க என்பது போய்விட்டது. அவனுக்கு அதுவே அடிபோல இருந்தது.

"வெளிய அது..."

"அதுன்னு சொல்லாத. அவனுக்குப் பேர் இருக்கு. நீ தோண்டிக் கொண்டாந்தா நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கமாட்டேன். இங்க கோலுக்குப் பக்கத்துல கிடைச்சான்னு சொல்லிடலாம். போகலைன்னா இப்பவே வாக்கி-டாக்கியில சொல்றேன். உன்னை நம்பிக் காத்துக்கிட்டிருக்காங்களே, அத்தனை பேருக்கும் தெரியட்டும்."

பயத்தை விட மானம் பெரிது என்று நினைக்கும் ஆள் அவன். அத்தனை பேருக்கும் தெரிந்தால், அவன் யார்? சுவரோரம் கேட்டதெல்லாம் காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கோலுக்கடியில் ஒரு பிணம். பிணம் என்ன செய்யும்? பனிக்காலணியை மாட்டினான். கருவியைக் கட்டினான். ஒரு வாக்கி-டாக்கியை மார்பில் செருகினான். வாசலிலிருந்து கோல்வரை எப்போதும் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

இடுப்பளவு பனி. நாலு எட்டில் குடிசை காணாமல் போனது. முன்னும் வெள்ளை, பின்னும் வெள்ளை. கையில் கயிறு மட்டும். எண் இறங்கியது. முப்பது. பதினெட்டு. ஆறு. கோல் தெரிந்தது. பலகை தெரிந்தது. தடம் பலகையின் அடியில் வந்து முடிந்திருந்தது. அதற்கு மேல் எங்கும் போகவில்லை.

ஒன்று புள்ளி எட்டு. காலடியில்.

தோண்டினான். அழுதுகொண்டே தோண்டினான். முழங்கால் ஆழம். இடுப்பு ஆழம். ஒன்று புள்ளி எட்டு. இன்னும் தோண்டினான். மார்பு ஆழம். எண் குறையவே இல்லை. தரை வந்திருக்கவேண்டும். வரவில்லை. குழியின் சுவர் சரிந்தது. சத்தமே இல்லாமல், மாவு சரிவதுபோல. மார்புவரை மூடியது. கல்லாக இறுகியது.

எண் மாறியது. ஒன்று. புள்ளி ஆறு. புள்ளி இரண்டு.

இடது கணுக்காலை ஒரு கை பிடித்தது.

கத்தினான். பனி வாய்க்குள் போனது. வெளியே இருந்த வலது கையால் கயிற்றை இழுத்தான். வந்தது. இன்னும் இழுத்தான். லேசாக, தடையில்லாமல், முழுக் கயிறும் வந்தது. அறுத்த நுனி கையில் விழுந்தது.

மார்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது. லியோகாடியாவின் குரல், கீழே மீட்புக்காரர்களோடு. அமைதியான குரல்.

"ஆமாங்க, வெளிய போனவர் திரும்பலை. எந்தப் பக்கமா? கிழக்குப் பள்ளத்துக்குன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. அங்க தேடுங்க."

கோல் கண்ணெதிரே இருந்தது. நூற்று முப்பது என்ற எண்ணுக்கு நேராக அவன் கண். பிறகு நூற்று இருபது. பனி ஏறவில்லை. அவன்தான் இறங்கிக்கொண்டிருந்தான். அடியில் அவன் காலணியை யாரோ நிதானமாகத் திருப்பினார்கள். இடுப்பில், முழங்காலில், கணுவில், எலும்பு ஒவ்வொன்றாக. திருப்பி, நீட்டி, எரிந்துபோன இடது பலகைபோல நேராக்கி. சடக். மாட்டிய பலகையைப் பரிசோதிப்பதுபோல இரண்டு முறை ஆட்டினார்கள். இன்னும் ஒரு சடக்.

நூற்றுப் பத்து.

எதிரே கம்பத்தில் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. படம் எடுத்தது. பனியோடு பனியாக ஒரு கறுப்புத் தொப்பி, பக்கத்தில் கோல். பனிமட்டம் சரியாக நூறு.

அவன் சட்டைப்பைக்குள், பனிக்கடியில், கைபேசி ஒலித்தது. மறுபடி ஒலித்தது. பிறகு நிற்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக. ஊரே வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தது.