நலமாக இருக்கும் சென்னியப்பன்

சென்னியப்பன் நலமனைக்குள் நுழைந்ததும் வாசல் பொறி அவனைத் துணைக்கு வந்தவன் என்று எண்ணி ஓரமாக உட்காரச் சொன்னது. நோயாளிகள் நேரில் வருவது நின்று வெகுகாலமாகியிருந்தது. ஒவ்வொருவருக்கும் கணினிக்குள் ஓர் இரட்டையுடல் இருந்தது. அதுவே மருத்துவரைப் பார்த்தது, மருந்து வாங்கியது. வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வராத ஆண்களுக்காகவே வந்த ஏற்பாடு. கைப்பேசி தினமும் கேட்கும் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்களைக் கொண்டு இரட்டையுடல் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் அந்தப் பதில் சொல்லும் வேலையை மேஸ்திரி நாச்சிமுத்துவிடம் விட்டிருந்தார்கள். டீ வேளையில் எல்லோர் கைப்பேசியையும் வாங்கி, சர்க்கரை மாத்திரை போட்டாச்சு, புண் இல்லை என்று அவரே தட்டிவிடுவார். நோவென்று பதிந்தவனுக்கு மண்டியில் மூட்டை கிடைக்காது.

“உங்க சக்கரையெல்லாம் என்ற ஒத்த வெரல்லயே கொறைச்சுப்போட்டனப்பா” என்பார். சென்னியப்பனும் சேர்ந்து சிரித்திருக்கிறான்.

இப்போது அவனுடைய இடது கால் பெருவிரல் கறுத்திருந்தது. வலியே இல்லை.

“செருப்புக் கடின்னே சொல்லி ஏமாத்திப்போட்டாருங்க சிஸ்டர்” என்றாள் கூட வந்திருந்த மனைவி துளசிமணி. “வாடை வந்தப்பறம்தான் துணியை அவுத்துப் பாத்தேன்.”

செவிலி குனிந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“இன்னைக்கே வெரலை எடுத்தாத்தான் காலு தப்புங்க.”

“எடுத்துருங்க” என்றான் சென்னியப்பன்.

“நான் சொன்னா அறுவை அறை தொறக்காதுங்கண்ணா. உங்க இரட்டையுடலுக்கு நோவே இல்லைன்னு இருக்குது. அது சம்மதிக்கணும்.”

“இவருதானுங்க சென்னியப்பன். பக்கத்துலயே நிக்கறாருங்களே” என்றாள் துளசிமணி.

“எனக்குத் தெரியுதுங்கக்கா. அதுக்குத் தெரியோணுமே.”

செவிலி திரையைத் தன் பக்கம் திருப்பி, அதனிடமே கேட்டாள். “கால்ல புண்ணு ஏதும் இருக்குதுங்களா?”

திரையில் சென்னியப்பன் தெரிந்தான். சதை பிடித்த, தெளிந்த முகம்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றது அவன் குரல்.

“ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிரலாங்களா?”

“வேலையா இருக்கறனுங்க. அப்பறம் பாத்துக்கலாம்.”

சென்னியப்பன் திரையை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டான். “ஒத்துக்கடா சாமி” என்றான். துணைக்கு வந்தவரின் பேச்சைப் பொறி பதிந்துகொள்வதில்லை. நோயாளி சிகிச்சையை மறுத்துவிட்டார் என்று எழுதிவிட்டு, அது அடுத்த பெயரை அழைத்தது.