இருபத்து மூன்றாம் ஜன்னல்

எங்கள் டீச்சர் வேறு ஊருக்குப் போகிறார். நாளைதான் கடைசி நாள். அவருக்குக் கொடுக்க ஒரு பெரிய வாழ்த்து அட்டை செய்யும் வேலையை நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன். "உனக்கு எதுக்குடி இந்த வம்பு?" என்றாள் அக்கா. ஆனாலும் கணினியில் படம் வரைய அவள்தான் உதவினாள்.

அட்டையில் ஒரு பெரிய வீடு. அதில் இருபத்து மூன்று வட்ட ஜன்னல்கள், ஜன்னலுக்கு ஒன்றாக எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள். இப்படிப் புகைப்படத்தில் கொஞ்சத்தைக் காட்டி மீதியை மறைப்பதற்கு மாஸ்க் என்று பெயர். நாங்கள் வரைந்த இந்த வகைப் படக் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெறும் எழுத்து வரிகள்தான். எந்தப் புகைப்படம், எந்த மாஸ்க், எந்த இடம் என்று எல்லாம் எழுதியிருக்கும்.

மாலையில் அப்பாவோடு அச்சுக் கடைக்குப் போனேன். கடைக்கார மாமா படத்தைத் திறந்தார்.

"ஒரு ஜன்னல் காலியா இருக்கே பாப்பா," என்றார்.

திரையை எட்டிப் பார்த்தேன். கடைசி ஜன்னல் அது. போன வாரம் எங்கள் வகுப்பில் சேர்ந்த பெண்ணுடையது. நாங்கள் அவளை இன்னும் 'புதுசு' என்றுதான் கூப்பிடுகிறோம். அவள் யாரோடும் பேச மாட்டாள்.

"அரை மணியில கடையை மூடணும். அந்த இடத்துல ஒரு பூவைப் போட்டுடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"அவளுக்குத் தெரியும் மாமா," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "கொஞ்ச நேரம் குடுங்கண்ணே, இவளே பார்க்கட்டும்," என்றார்.

நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். புகைப்படமே இல்லையோ என்று முதலில் சந்தேகம். மாஸ்க்கை எடுத்துவிட்டுப் பார்த்தேன். புதுசு சதுரமாக, முழுசாக வந்து நின்றாள். அப்படியென்றால் கோளாறு மாஸ்க்கில்தான்.

படத்துக்குள் இருந்த எழுத்து வரிகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். 'ஜன்னல்-22' என்ற மாஸ்க் குண்டூசியுடையது. குண்டூசி எங்கள் வகுப்பிலேயே ஒல்லியானவன். அடுத்த வரியில் புதுசின் மாஸ்க். பார்த்தால் அங்கேயும் 'ஜன்னல்-22'!

அவசரத்தில் குண்டூசியின் மாஸ்க்கை நகலெடுத்துப் புதுசுக்கு வைத்திருக்கிறேன். இடத்தை மாற்றிய நான் பெயரை மாற்றவில்லை. கணினி பாவம், என்ன செய்யும்? அந்தப் பெயரில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டது. அது குண்டூசி இருக்கும் இடத்தை மட்டும்தான் காட்டும். புதுசின் முகம் மறைந்துபோனது.

"தப்பு என்னோடதுதான் மாமா," என்றேன்.

"நானும் தினம் நாலு பண்றேன். சீக்கிரம் மாத்து," என்று சிரித்தார்.

மாஸ்க்கின் பெயரை 'ஜன்னல்-23' என்று மாற்றினேன். புகைப்படத்தின் வரியிலும் அதையே எழுதினேன். கடைசி ஜன்னலில் புதுசு எட்டிப் பார்த்தாள். அச்சு இயந்திரம் கடகடவென்று ஓடியது.

மறுநாள் டீச்சர் ஒவ்வொரு முகத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். கடைசி முகத்தில் விரல் நின்றது.

"ஒரே வாரத்துல வீட்டுக்குள்ள வந்துட்டியா நீ?" என்று கண் கலங்கச் சிரித்தார்.

புதுசு எழுந்து வந்து அட்டையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவோடு என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு," என்றாள்.

தள்ளி உட்கார்ந்தேன்.