கரண்ட் இல்லாத ஊரில் ஒரு சைரன்

ஊஊஊஊ...!

நடுப்பகல் பன்னிரண்டு மணி. அந்தச் சத்தம் கோலார் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலையே கிழித்தது.

சைரன்!

வினோலியாவின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. அடுத்த விநாடி அவள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பு... மறு காலில் ஒன்றுமில்லை!

தெருவே ஓடியது. பாதி ஷேவ் செய்த முகத்தோடு ஒருவர். ஈரத் தலையோடு பக்கத்து வீட்டு ஜெயம்மா. எல்லோரும் ஓடிய இடம் ஒன்றுதான்...

பழைய ஷாஃப்ட்... சுரங்கத்துக்குள் இறங்கும் குழி!

சுரங்கத்தை மூடி இருபது வருடங்களுக்கு மேலாகிறது. உள்ளே ஆள் இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. ஆனாலும் சைரன் கத்தினால் உள்ளே யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். மூடிய செய்தி இந்த ஊர் மூளைகளுக்குத் தெரியும். கால்களுக்கு யாரும் சொல்லவில்லை!

ஷாஃப்ட் வாசலில் மூச்சிரைக்க நின்ற பிறகுதான் ஜெயம்மாவுக்கு உறைத்தது.

"யம்மே வினோலி... மைன்ஸ்தான் மூடிட்டாங்களே! நாம இன்னாத்துக்கு ஓடியாந்தோம்?"

"நீ ஓடுன... நானும் ஓடுனேன்க்கா!"

கூட்டத்தின் நடுவே வார்டு மெம்பர் நாகேஷ் கைகளை உயர்த்தினார்.

"பயப்படாதீங்க! எவனோ வெளையாடிக்கிறான். எல்லாரும் வூட்டுக்குப் போங்க. மெதுவா போங்க... அவசரமே இல்ல!"

அவர் காலில் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. லேஸ் இறுக்கமாகக் கட்டியிருந்தது.

வினோலியாவுக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று அப்போது புரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் புரிந்தது.

அலறினாள்!

"ஐயோ... சிலிண்டரு!"

கதவு மூலையில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் காணோம்!

நாடு முழுக்க கரண்ட் போய் அன்று மூன்றாம் நாள். பெட்ரோல் பங்கில் பம்பு ஓடவில்லை. டேங்கில் தண்ணீர் ஏறவில்லை. ரேஷன் கடை மெஷின் யாருடைய கைரேகையையும் ஏற்கவில்லை. விடியுமுன் பெங்களூருக்கு ரயிலேறி இருட்டிய பின் திரும்புகிறவர்கள், தங்கள் பிள்ளைகள் எத்தனாவது படிக்கிறார்கள் என்பதை முதல் முறையாகத் தெரிந்துகொண்டார்கள். செல்போன்கள் சாவதற்கு முன் வந்த கடைசி அரசுச் செய்தி இதுதான்: 'பதற வேண்டாம். முழு விவரங்களுக்கு இணையதளத்தைப் பார்க்கவும்.'

வினோலியாவின் நைனா பர்னபாஸுக்கு முப்பது வருடம் அண்டர்கிரவுண்ட் வேலை. பாறைத் தூசி நுரையீரலில் குடியேறிவிட்டது. காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் கரண்டோடு நின்றது. கோலாருக்குப் போய்க் கெஞ்சிக் கொண்டுவந்தது இரண்டே சிலிண்டர்கள். ஒன்று இப்போது ஓடிக்கொண்டிருந்தது. அதன் முள் சிவப்பில் நடுங்கியது.

இன்னும் முக்கால் மணி நேரம்!

இருமல் மருந்தின் மயக்கத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சைரனும் தெரியாது, திருடனும் தெரியாது.

தெருமுனையில், டீசல் இல்லாத ஜீப்பின் பானெட்டில் எஸ்.ஐ. தாமோதரன் உட்கார்ந்திருந்தார்.

"சார்! சிலிண்டர திருடிட்டாங்க சார்! நைனா செத்துடுவாரு!"

"கம்ப்ளெயின்ட் ஏத்தணும்னா சிஸ்டம் ஓப்பன் ஆவணும்மா. சிஸ்டம் ஓப்பன் ஆவணும்னா கரண்ட் வரணும்."

"பேப்பர்ல எழுதுங்க சார்!"

"எழுதலாம்... அத அப்பறம் ஸ்கேன் பண்ணணுமே?"

வினோலியா திரும்பி நடந்தாள். கூடவே ஜெயம்மா.

"அக்கா... கரண்டே இல்ல. சைரன் எப்டி கத்துச்சி?"

ஜெயம்மா நின்றாள். "அட! கையால சுத்துற சைரனு ஒண்ணு கீது. போன மாசம் மெம்பரு பேரிடர் விழான்னு நடத்துனாரே... ஒரே ஒரு சைரனு, அதுக்கு முப்பது ஃபோட்டோ! ஷாஃப்ட் பக்கத்துல அவரு ஆபீஸ்லதான் வெச்சிக்கிறாங்க."

வினோலியாவின் கண்கள் விரிந்தன.

"ஊரே வெறுங்கால்ல ஓடியாந்துச்சி. அவரு மட்டும் ஷூ... லேஸ் கட்டிக்கினு! சைரன் கேட்டு எவன்க்கா லேஸ் கட்டுவான்?"

"முன்னாடியே தெரிஞ்சவன்!"

"நேத்து நைனாவ விசாரிக்க வந்தாரே... மூஞ்சியவா பாத்தாரு? சிலிண்டரத்தான் பாத்துக்கினு இருந்தாரு! இவரு சைரன சுத்திக்கிறாரு... அவரு டிரைவர் உதய் வந்து சிலிண்டர தூக்கிக்கிறான்!"

"வா, போயி சட்டையப் புடிப்போம்!"

"கதவத் தெறப்பாரா? கேட்ல உதய் நிக்கிறான்." வினோலியா யோசித்தாள். "அக்கா... மெம்பரும் நம்ம மைன்ஸ் லைன் வூட்ல பொறந்தவருதான?"

"அவரு நைனாவும் என் வூட்டுக்காரரும் ஒரே ஷிஃப்டு."

"ஆபீஸ் சாவி?"

"அங்க பெருக்கிக் கூட்டுறவ நான்தானே!" ஜெயம்மா இடுப்பைத் தட்டினாள். சாவி குலுங்கியது.

இருபது நிமிடம் கழித்து...

மெம்பர் வீட்டு எதிரே கொய்யா மரத்துக்குப் பின்னால் வினோலியா பதுங்கியிருந்தாள். நம்பாமல் விட்டால்? வெளியே வராவிட்டால்?

ஊஊஊஊ...!

கதவு தடாலென்று திறந்தது!

லுங்கியை மடித்துக்கொண்டு நாகேஷ் பாய்ந்து வந்தார். சற்று முன் அந்தப் பொய்ச் சைரனைச் சுற்றியவரே அவர்தான். ஆனால் கால்கள் அவரைக் கேட்கவில்லை. "யாருடா மாட்னது?" என்று கத்திக்கொண்டே ஓடினார். பின்னால் உதய்.

இந்த முறை ஷூ இல்லை!

வினோலியா உள்ளே ஓடினாள். ஹாலில் கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்தோடு அவள் சிலிண்டர். குழாய் போகும் வழியைப் பார்த்தாள்... உறைந்தாள்!

காற்று மோட்டார் நின்றுபோன கண்ணாடித் தொட்டிக்குள் மாஸ்க் மிதந்தது. குமிழிகள். நடுவே வாள் போல ஒரு மீன், நைனாவின் காற்றைச் சொகுசாகச் சுவாசித்துக்கொண்டிருந்தது.

வாஸ்து மீன்! அது வீட்டுக்கு வந்த வருடம்தான் நாகேஷ் ஜெயித்தார். அது செத்தால் பதவியும் போகும் என்று ஜோசியர் சொன்னது ஊருக்கே தெரியும்.

"மன்னிச்சுக்கோ" என்றாள் மீனிடம். மாஸ்க்கை உதறினாள். சிலிண்டரை இடுப்பில் ஏற்றினாள். ஓடினாள்.

வீடு.

"நைனா!"

கட்டில் காலி!

பழைய மாஸ்க் தரையில் கிடந்தது. முள் பூஜ்யத்தில்.

சைரன்... மருந்து மயக்கம் தெளிந்து அவரும் கேட்டிருக்கிறார்! ஊர்க் கால்களை எல்லாம் கணக்குப் போட்டவள், நைனாவின் கால்களை மறந்துவிட்டாள்!

தெருக்குழாய் அருகே சுவரில் சாய்ந்து சரிந்திருந்தார் பர்னபாஸ். உதடு நீலம். கை ஷாஃப்ட் இருந்த திசையில் நீண்டிருந்தது.

மாஸ்க்கை அழுத்தினாள். வால்வைத் திருகினாள்.

ஒரு விநாடி... இரண்டு... பத்து...

மார்பு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது!

அப்போது ஜெயம்மா சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"வினோலி! சைரன் என் கைல இருக்கறதப் பாத்துட்டு மெம்பரு இன்னா கத்துனாரு தெரியுமா? 'இத இப்பத்தான நான் சுத்திட்டு வெச்சேன்'னு! ஊரு மொத்தமும் கேட்டுச்சி. எஸ்.ஐ. பேப்பர்லயே எழுதறாரும்மே!"

பர்னபாஸ் மெல்லக் கண் திறந்தார். மூக்கைச் சுளித்தார்.

"இன்னாம்மே... மீன் நாத்தம்? ஷாஃப்ட்ல... எத்தினி பேரு மாட்னாங்க?"

வினோலியா கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரு நைனா. ஒண்ணு மீனு, ஒண்ணு மெம்பரு... மீன நெனச்சாதான் பாவமா கீது!"