பூனை குரைத்த நாட்கள்

வளர்மதி வீட்டு நாயின் பெயர் பூனை. குட்டியாக வந்தபோது பூனை அளவுதான் இருந்ததாம். பெயர் வைத்தது நைனா, அவளுடைய அப்பா.

இப்போது நைனா விழுப்புரத்தில், ஆஸ்பத்திரியில் இருந்தார். கொரோனா முற்றி மூச்சுத் திணறல் வந்துவிட்டது. அம்மாவுக்கும் கொரோனாதான், ஆனால் லேசாக. உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

வளர்மதிக்கு மட்டும் ஒன்றுமில்லை. கூடத்தில் தனியாகச் சாப்பிட்டு, தனியாகத் தூங்கினாள். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அம்மா இருமுவதைக் கேட்பாள். இருமல் நின்றால் பயமாக இருக்கும். மறுபடி இருமினால் நிம்மதியாக இருக்கும்.

நைனாவை அழைத்துப்போக வந்தவர்கள் முகக்கவசம் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து முகக்கவசத்தைப் பார்த்தாலே பூனைக்கு வெறி. எதிர்வீட்டு சாகிரா அக்கா முகக்கவசத்தோடு இட்லி கொண்டுவந்தபோது பாய்ந்து தூக்குச் சட்டியைத் தட்டிவிட்டது.

"உங்க பூனை இட்லியை விட்டுட்டு என்னைத் தின்னுடும்போல இருக்குதே" என்றபடி அக்கா தெருவுக்கே ஓடிவிட்டாள்.

தூக்கை எடுக்க வளர்மதி முகக்கவசத்தோடு வெளியே வந்தாள். பூனை அவளைப் பார்த்தும் பல்லைக் காட்டி உறுமியது.

அவளைப் பார்த்தே. வளர்மதி உள்ளே போய் அழுதாள்.

பூனையைக் கட்டிப் போடும்படி அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். கட்டிப் போட்டால், ஊரை ஒட்டிய கோட்டை மலைக் குரங்குகள் சமையலறைக்குள் வந்து விருந்து வைத்துக்கொள்ளும். அது அம்மாவுக்கும் தெரியும்.

சாயங்காலம் நர்ஸ் அக்கா போன் செய்வாள். நைனா காதில் போனை வைப்பாள். அவரால் பேச முடியாது. நம் உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது, கிருமி வந்தால் அது சண்டை போடும் என்று வளர்மதி பள்ளியில் படித்திருந்தாள். அதனால் தினமும் ஒன்றையே சொல்வாள்: "நல்லா சண்டை போடு நைனா. விடாத."

அன்று நர்ஸ் அக்கா, அந்தச் சண்டையை அடக்கத்தான் நைனாவுக்கு மருந்து கொடுப்பதாகச் சொன்னாள்.

வளர்மதி அவசரமாகக் கேட்டாள்: "அடக்கிட்டா கிருமி ஜெயிச்சிடாதா அக்கா?"

"கிருமியை அடிக்க வந்த படை இப்ப நிக்க மாட்டேங்குது வளரு. நைனாவோட நுரையீரலையே அடிக்குது. அங்க நீர் சேர்ந்துடுச்சு. அதான் மூச்சு வாங்குது. படை வேணும். கொஞ்சம் நிதானமா இருக்கணும், அவ்ளோதான்."

போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சிதறிய இட்லிக்கு நடுவே பூனை நின்றிருந்தது. ஒன்றைக்கூடத் தின்னவில்லை. கண் சிவந்திருந்தது. எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ.

கெட்ட நாய் இல்லை. நைனாவைத் தேடுகிற நாய். அவளைப் போலவே.

கொடியில் நைனாவின் லுங்கி தொங்கியது, துவைக்காதது. அதை எடுத்து வாசலில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். "பூனை" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். பூனை முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது. லுங்கியைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் மூக்கைப் புதைத்துப் படுத்தது. வளர்மதியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நைனா வாசனை அவளுக்கும் வந்தது.

மறுநாள் சாகிரா அக்கா தயங்கித் தயங்கி வந்தாள். பூனை தலையைத் தூக்கியது, லேசாக உறுமியது, திரும்பப் படுத்துக்கொண்டது. மதில்மேல் ஒரு குரங்கு வந்தபோது மட்டும் எழுந்து ஓடியது.

சாயங்காலம் போன் வந்ததும் வளர்மதி சொன்னாள்: "நைனா, சண்டை போட்டது போதும். நிதானமா மூச்சு விடு. நான் இங்கதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் ஆக்சிஜன் இரைச்சல். பிறகு, இத்தனை நாள் கேட்காத அந்தக் குரல், கரகரவென்று: "பூனை... சாப்டுச்சா?"

லுங்கிமேல் படுத்திருந்த பூனையின் காது நிமிர்ந்தது. வால் தரையில் பட்பட்டென்று அடித்தது.

"நீயே கேளு" என்று வளர்மதி போனை அதன் காதில் வைத்தாள்.