பிங்க் நிறத்தில் ஒரு பெருக்கல் குறி

"வோனி... வோனி! கேக்குதா?"

நெடுஞ்சாலை விடுதியின் சமையலறை அலமாரியில் ரேடியோ கரகரத்தது. வோனி முட்டையை வாணலியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"கேக்குது, கத்தாத. இன்னிக்கு எத்தனை திமிங்கலம்?"

"ஏழு... அது கிடக்கட்டும். போலீசைக் கூப்பிடு!"

"திமிங்கலத்தைப் பிடிக்கவா?"

"விளையாடாத வோனி! பாறைத் திட்டுல ஆரஞ்சு கலர் கோட்டு ஒண்ணு கிடக்கு..." என்றான் திமிங்கலச் சுற்றுலா விமானத்தின் விமானி. "உள்ள ஆளு இருக்கான்!"

வாணலியில் முட்டை கருகியது.

ஆஸ்திரேலியாவின் நல்லார்பார் சமவெளி. மரம் கிடையாது. செல்போனுக்கு உயிர் கிடையாது. கத்தியால் வெட்டியது போல நிலம் கடலில் முடிகிறது. உயரம் தொண்ணூறு மீட்டர். விழுந்தவன் எவனும் எழுந்து வந்து விவரம் சொன்னதில்லை!

வோனி சாப்பாட்டு மேசைகளைப் பார்த்தாள்.

அடிலெய்டிலிருந்து இரண்டு கார்களில் வந்த நான்கு பேர் முன்தினம் சாயங்காலம் அறை எடுத்திருந்தார்கள். அறுபதை நெருங்கும் பள்ளிக்காலச் சிநேகிதர்கள். காஃபின் விரிகுடாவில் சிப்பி, பேர்ட் விரிகுடாவில் கடல் சிங்கம், இங்கே திமிங்கலம் என்று ஒரு வாரமாகக் கடற்கரை ஓரமாகவே வந்தவர்கள்.

இப்போது மேசையில் மூன்று பேர்தான்!

டேரில் கிட்டோ. ரோஸ்லின். அவள் புருஷன் நெவில்.

"உங்க நாலாவது ஆளு எங்கப்பா?" என்றாள் வோனி. "ஆரஞ்சு கோட்டு போட்டிருந்தாரே..."

"ட்ரெவர்!"

வீறிட்டவள் ரோஸ்லின். தேநீர்க் கோப்பை தரையில் சிதறியது. நெவில் அவளைப் பிடித்துக்கொண்டான்.

கிட்டோ மட்டும் அசையவில்லை. வலது கையை மேசைக்கு அடியில் மறைத்தான்.

நல்லவன் எதற்காகக் கையை மறைக்கப் போகிறான்?

*

நாற்பதாவது நிமிடம் போலீஸ் வண்டி வந்தது. நெடுஞ்சாலையில் லாரிக்காரர்களைக் குடிச் சோதனைக்கு ஊதச் சொல்லிக்கொண்டிருந்த சார்ஜென்ட் ஹெதர் ஷிர்மர். ஐம்பது வயது. ஆண்களைப் போலக் கட்டையாக வெட்டிய முடி.

"கையைக் காட்டுங்க கிட்டோ."

காட்டினான். விரல் முட்டிகள் கன்றிப் போயிருந்தன. சட்டைக் கையில் காய்ந்த ரத்தம்.

"யார் ரத்தம்?"

"ட்ரெவரோடது."

நெவில் எழுந்தே விட்டான். "டேய் கிட்டோ!"

"உட்காருங்க நெவில்." சார்ஜென்ட் திரும்பவில்லை. "எப்ப அடிச்சீங்க?"

"நேத்து சாயங்காலம். பார்ல. மூக்குல ஒரு குத்து. வோனியும் பார்த்தா."

"பார்த்தேன்" என்றாள் வோனி. "நானே ஐஸ் குடுத்தேன். என்ன சண்டைன்னு தெரியாது. ஆனா 'உன்னைக் கொல்லாம விட மாட்டேன்'னு இவரு கத்தினது கேட்டுச்சு."

"நன்றிம்மா" என்றான் கிட்டோ. "ரொம்ப ஒத்தாசை!"

"கேட்டதைத்தானேய்யா சொன்னேன்!"

சார்ஜென்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். "எதுக்கு அடிச்சீங்க?"

கிட்டோ கன்றிய முட்டிகளைத் தடவினான்.

"எனக்கு லைல்னு ஒரு தம்பி. பதினேழு வயசு. போர்ட் லிங்கன் ரோட்டுல சைக்கிள்ல வந்துட்டிருந்தான். ஒரு கார் அடிச்சிப் போட்டுட்டு நிக்காம போயிடுச்சு. முப்பத்தாறு வருஷம் ஆச்சு. யாருன்னே தெரியல. எங்கம்மா சாகுற வரைக்கும் ஒவ்வொரு காரோட முன்பக்கத்தையும் உத்து உத்துப் பார்ப்பாங்க..."

"சரி."

"நேத்து ட்ரெவர் ரெண்டு பீர் குடிச்சிட்டு சொல்றான்... 'அந்தக் கார்ல நானும் இருந்தேன்டா. ஓட்டினது நான் இல்ல'ன்னு!"

ரோஸ்லின் கண்ணை மூடிக்கொண்டாள்.

"யார் ஓட்டினதுன்னு சொன்னாரா?"

"சொல்லல சார்ஜென்ட். 'ஓட்டினவங்க வாயாலயே உனக்குத் தெரியட்டும். நாளைக்கு வரைக்கும் டைம் குடுத்திருக்கேன்'னான். அப்பதான் அடிச்சேன்." கிட்டோவின் விரல் நெவிலை நோக்கி நீண்டது. "அன்னிக்கு எங்க கூட்டத்துலயே காரு வச்சிருந்தவன் இவன் ஒருத்தன்தான்!"

நெவிலின் முகம் சாம்பலாகியது.

"கார் என்னோடதுதான். நான் ஓட்டல! பின் சீட்ல போதையில கிடந்தேன்... சத்தம் கேட்டு முழிச்சேன். என்னன்னு கேட்டேன். கங்காருன்னு சொன்னாங்க!"

"யார் சொன்னா?"

நெவில் வாயைத் திறந்தான். மூடினான்.

"ட்ரெவர்தான்" என்றாள் ரோஸ்லின், கண்ணைத் துடைத்தபடி. "ட்ரெவர்தான் ஓட்டினான் சார்ஜென்ட். கடைசி வரைக்கும் ஒத்துக்க மனசு வரல அவனுக்கு. நானும் அந்தக் கார்ல இருந்தேன். கங்காருன்னு சொன்னான், நம்பிட்டேன். மன்னிச்சிடு கிட்டோ..."

கிட்டோ அவளை வெறித்தான்.

அழுதுகொண்டே சொன்னால் எதையும் நம்பிவிடும் உலகம் இது!

"காலையில என்ன நடந்துச்சு?" என்றாள் சார்ஜென்ட்.

"'திமிங்கல முனைக்குப் போலாம், தனியா பேசணும்'னு ட்ரெவர் கூப்பிட்டான். என் வண்டியில போனோம். எட்டு மணிக்கு அங்க இருந்தோம். 'பேரைச் சொல்லு'ன்னேன். 'இன்னிக்கு ராத்திரிக்குள்ள தெரிஞ்சிடும்'னான். மறுபடியும் அடிச்சிடுவேனோன்னு எனக்கே பயமா போச்சு. அவனை அங்கேயே விட்டுட்டு மேற்கால நடந்தேன். முக்கால் மணி நேரம். திரும்பி வந்தா ஆளைக் காணோம். எவன் கார்லயாவது ஏறிப் போயிட்டான்னு நினைச்சு வந்துட்டேன்."

"கீழ எட்டிப் பார்க்கல?"

"எதுக்குப் பார்க்கணும்?"

"சிநேகிதனைக் காணோம். பக்கத்துல தொண்ணூறு மீட்டர் பள்ளம். எட்டிப் பார்க்கத் தோணலையா?"

கிட்டோ நெவிலை முறைத்தான்.

"நீங்க எங்க இருந்தீங்க நெவில்?"

"ஏழரையிலேருந்து இங்கதான் இருக்கேன்."

"ஆமா" என்றாள் வோனி. "மூணு சாண்ட்விச் தின்னாரு. நாலாவது கேட்டாரு. நான்தான் தரல."

"ரோஸ்லின்?"

"என் கார்ல கிழக்கால போனேன். ஒட்டகம், வோம்பாட், கங்காருன்னு மூணும் போட்ட மஞ்சள் போர்டு இருக்கே, அதைப் போட்டோ எடுக்க."

"ஏழரைக்குப் போனா. ஒம்பதுக்கு வந்தா" என்றாள் வோனி. யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"திமிங்கல முனைக்குத் திரும்புற ரோடும் கிழக்காலதானே?" சார்ஜென்ட்டின் கண்கள் சுருங்கின.

"அது பன்னெண்டாவது கிலோமீட்டர். நான் நாற்பதாவது கிலோமீட்டர் வரைக்கும் போனேன். போக இருபத்தஞ்சு நிமிஷம், வர இருபத்தஞ்சு நிமிஷம்."

"மீதி நாற்பது நிமிஷம்?"

"போட்டோவுக்கு அஞ்சு நிமிஷம். அப்புறம் ரோட்டு ஓரமா ஒரு கங்காரு செத்துக் கிடந்துச்சு. லாரி அடிச்சிருக்கு, உடம்பு சூடு ஆறல. விட்டுட்டு வர மனசு வரல. ஓரமா இழுத்துப் போட்டேன். குட்டி இருக்கான்னு வயித்துப் பைக்குள்ள கை விட்டுப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. பார்த்தாச்சுன்னு மேல ஸ்ப்ரே பெயின்ட்ல பெருக்கல் குறி போட்டுட்டு வந்தேன்."

"பெயின்ட் எப்பவும் வச்சிருப்பீங்களா?"

"டிக்கியில இருக்கும். இந்தப் பக்கம் வர்றவங்க யார் வச்சிக்க மாட்டாங்க? பிங்க் கலர். வேணும்னா போய்ப் பாருங்க. அரை மணி அந்தச் செத்த உடம்போட போராடினேன் சார்ஜென்ட்... அந்த நேரத்துல இங்க ட்ரெவர்..."

மறுபடியும் அழுதாள்.

சார்ஜென்ட் எழுந்தாள்.

"பன்னெண்டு மணிக்கு ஹெலிகாப்டர் வருது. உடம்பை மேல தூக்கினதும் கிட்டோவை செடூனா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். கொலைக் குத்தம்."

"நான் பண்ணல!" கிட்டோ மேசையில் குத்தினான். "நான் எதுக்கு அவனைக் கொல்லணும்? பேரு தெரிஞ்ச ஒரே ஆளு அவன்தானே!"

சார்ஜென்ட் வாசலில் நின்றாள்.

ஒரு வினாடி.

"யாரும் இங்கேருந்து நகரக் கூடாது" என்றாள். வண்டி கிழக்கே சீறியது.

*

ஒரு மணி நேரம்.

கிட்டோ சுவரைப் பார்த்தான். நெவில் தட்டைப் பார்த்தான். ரோஸ்லின் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வக்கீல் வச்சுக்கோ கிட்டோ" என்றாள் மெல்ல. "ஆத்திரத்துல தள்ளிட்டேன்னு சொல்லு. தம்பிக்காகப் பண்ணினதுன்னா ஜட்ஜுக்கும் மனசு இளகும்."

"நான் தள்ளல ரோஸ்."

"சரி... நான் உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

பிரேக் அலறியது.

சார்ஜென்ட் உள்ளே வந்தாள். கதகதப்பான அறையிலும் கோட்டைக் கழுத்து வரை இழுத்துப் பூட்டியிருந்தாள். வயிற்று வலிக்காரியைப் போல ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது.

"கங்காரு இருந்துச்சு" என்றாள்.

"சொன்னேனே!"

"பிங்க் கலர்ல பெருக்கல் குறியும் இருந்துச்சு. வழியில ஒரு லாரிக்காரரை நிறுத்திக் கேட்டேன். கண்ணுல பட்டுச்சாம். குறி இருந்ததால இறங்கலையாம்."

"யாரு இறங்குவா? குறி போட்டா பார்த்தாச்சுன்னுதானே அர்த்தம்?"

"அதேதான். குறியைப் பார்த்தா இந்த ரோட்டுல ஒருத்தரும் மறுபடி தொட மாட்டாங்க. நானும் தொட மாட்டேன். அவ்வளவு நம்பிக்கை." சார்ஜென்ட் அவள் எதிரில் உட்கார்ந்தாள். "பைக்குள்ள கை விட்டீங்க?"

"முழங்கை வரைக்கும்!"

"எதுவும் இல்ல?"

"எதுவும் இல்ல."

"ஒரு சின்னக் குழப்பம் ரோஸ்லின்... அது ஆண் கங்காரு. ஆணுக்கு ஏது பை?"

வோனி ரோஸ்லினைத் திரும்பிப் பார்த்தாள்.

ரோஸ்லினின் கண்கள் வலமும் இடமும் ஓடின. பிறகு... சட்டென்று சிரித்தாள்.

"ஆமா! கரெக்ட்! ஆண்தான். கை வச்சுத் தேடினேன், பையைக் காணோம். அப்பதான் ஆணுன்னு புரிஞ்சுது. பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன் சார்ஜென்ட்..."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"நல்லா!"

"நான் பொய் சொன்னேன்" என்றாள் சார்ஜென்ட். "அது பெண்."

ஸிப்பைக் கீழே இழுத்தாள்.

கோட்டுக்குள்ளிருந்து இரண்டு நீளக் காதுகள் எழுந்தன. பிறகு ஒரு மூக்கு. இரண்டு கறுத்த, ஈரக் கண்கள்.

உயிரோடு ஒரு கங்காருக் குட்டி!

"ஐயோ கடவுளே..." என்றாள் வோனி.

"பைக்குள்ள இருந்துச்சு. நான் பக்கத்துல போகும்போது குறிக்குக் கீழ வயிறு அசைஞ்சுது. நீங்க தொடவே இல்ல ரோஸ்லின்! கார் ஜன்னல் வழியா ஒரு தடவை பெயின்ட் அடிச்சிட்டு வந்துட்டீங்க. அரை நிமிஷ வேலை. அந்த அரை மணி நேரம் எங்க இருந்தீங்க?"

"குட்டியைப் பார்க்கலைன்னா... கொலைகாரி ஆயிடுவேனா?"

"ஆக மாட்டீங்க. எங்க இருந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

ரோஸ்லின் புருஷனைப் பார்த்தாள். நெவில் அந்தக் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரோஸ்..." என்றான். "அன்னிக்குக் கங்காருன்னு சொன்னது ட்ரெவர் இல்லையே... நீதானே. உன் கை ஸ்டியரிங்ல இருந்துச்சே. போதையில தப்பாப் பார்த்துட்டேன்னு முப்பத்தாறு வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன்..."

"வாயை மூடு நெவில்!"

"'நிறுத்து, இறங்கிப் பார்க்கலாம்'னு ட்ரெவர் கத்தினான். நீ நிறுத்தல."

"மூடுன்னு சொன்னேன்!" ரோஸ்லின் எகிறி எழுந்தாள். அழுகை எங்கோ போய்விட்டிருந்தது. "இத்தனை வருஷம் அவனும் வாயை மூடிட்டுத்தானே இருந்தான்? இப்ப திடீர்னு யோக்கியன் ஆயிட்டான்! ஒரு நாள் டைம் குடுத்தானாம்... எனக்கு! காலையில திரும்பி வர்ற வழியில முனைக்குப் போனேன், தனியா நின்னான், கெஞ்சினேன். பேரப் பசங்க இருக்காங்கடா, விட்டுடுடான்னு. 'இன்னிக்கு நீ சொல்லு, இல்லைன்னா நான் சொல்றேன்'னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பித் திமிங்கலத்தைப் பார்க்கிறான்! தள்ளினேன்... ஒரே தள்ளு!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்குப் புரிந்தது.

கிட்டோ எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. முப்பத்தாறு வருஷம் தேடிய முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முஷ்டி உயர்ந்தது...

"கிட்டோ! பிடிங்க!"

சார்ஜென்ட் குட்டியை அவன் நெஞ்சில் திணித்தாள். விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அவன் இரண்டு கையாலும் வாரி அணைத்துக்கொண்டான். குட்டி அவன் சட்டைக்குள் தலையை நுழைத்தது. அப்படியே நின்றுவிட்டான். தோள்கள் குலுங்கின.

'க்ளிக்!'

கைவிலங்கு ரோஸ்லினின் கையில் பூட்டிக்கொண்டது.

தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம்.

"சார்ஜென்ட்..." என்றான் கிட்டோ. "சட்டையெல்லாம் சூடா நனையுது..."

"ஒண்ணுக்குப் போயிருக்கும். எனக்கும் வழியிலேயே ஆச்சு." சார்ஜென்ட் தன் ஈரக் கோட்டை முகர்ந்து முகம் சுளித்தாள். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் பார்த்த சாட்சி எல்லாம் வாயைத் திறந்தா பொய்தான்... இது ஒண்ணுக்கு மட்டும்தான் போகுது. போகட்டும் விடுங்க!"