அல்லியின் வயிற்றுவலி

செவ்வாய்க் கிரகத்துச் செம்மண்பேட்டையில் அன்றும் வழக்கம்போலக் கழிப்பறைதான் முதலில் வாய் திறந்தது. வணக்கம் சொல்லிவிட்டு, வீட்டிலுள்ளவர்களின் வயிற்று நிலவரத்தை உரக்க வாசித்தது.

"குழந்தைவேல், வாயு. இசக்கி, நலம். அல்லி, சிறுகுடல் ஆறவில்லை."

முன்பெல்லாம் தன் வாயு ஊருக்கே கேட்கிறதே என்று குழந்தைவேலுக்குக் கூச்சமாக இருக்கும். இப்போது மகளின் பெயருக்காக மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான்.

ஒன்பது வயது அல்லிக்கு சீலியாக் நோய். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் துளி உள்ளே போனாலும், அவள் உடம்பின் காவல்படையே குழம்பிப்போய்ச் சொந்தக் குடலைத் தாக்கும். பூந்துவாலை இழைகள்போல அங்கே நிற்கும் உறிஞ்சிகள் சாய்ந்துவிடும். பிறகு தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாது. உள்ளே பதித்திருந்த 'குடல்பொட்டு' அதைப் பார்த்துத்தான் தினமும் கழிப்பறைக்குச் சேதி அனுப்பியது. கோதுமையை அடியோடு ஒதுக்குவதைத் தவிர அந்த ஊரில் வேறு வைத்தியம் கிடையாது.

ஒதுக்கினார்கள். குவிமாட வயலில் கோதுமையன்றி வேறு தானியம் விளையாத ஊரில், பூமியிலிருந்து வரும் அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். சப்பாத்தி, ரவை, சேமியா எல்லாம் போயின. பரோட்டாவுக்கு உயிரை விடும் குழந்தைவேல், பரோட்டாவையே விட்டான். உயிரை விட்டிருந்தால் இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. சமையற்பொறி கரண்டியான், உணவுப் பொருள் ஒவ்வொன்றையும் வாசலிலேயே மோந்து பார்த்துத்தான் உள்ளே விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பிறந்தநாள் கேக்கோடு வந்தபோது, "கைய அலம்பிட்டுப் பொறவு வாங்க அண்ணாச்சி" என்று அவரையே திருப்பியனுப்பிற்று.

அப்படியும் குடல் ஆறவில்லை. பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

"பூமிக்கு அனுப்புறதுதான் வழி. கப்பல்ல ஒரு இடம்தான் இருக்கு" என்றார் டாக்டர். போய்த் திரும்ப மூன்று வருடமாகும்.

புறப்படும் அன்றும் அல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். குழந்தைவேல் எப்போதும்போல ஓடிப்போய், சோயா மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக்கொண்டு வந்தான்.

"கசக்குப்பா."

"ஒரே மடக்கு, என் தங்கம்லா. வயித்துக்கு நல்லது."

அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

ஐந்தாம் மாதம் கப்பலிலிருந்து சேதி வந்து, சுவரில் அவள் முகம் தெரிந்தது. கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"அப்பா, குடல் ஆறிக்கிட்டு வருதாம்! வைத்தியமே இன்னும் ஆரம்பிக்கலையேன்னு கப்பல் டாக்டருக்கு ஆச்சரியம். இங்கயும் நம்ம வீடு மாதிரிதான், சோறும் பருப்பும். ஒங்க பெருங்காய மோருதான் இல்ல."

இசக்கி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் போய்ப் பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து கரண்டியானிடம் நீட்டினான். அது மோந்து பார்த்தது.

"பாதிக்குமேல கோதுமை மாவு. பிசினோட சேத்துப் பிசைஞ்சிருக்கு."

"நாசமாப் போற தகரமே, இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்று கத்தினான் குழந்தைவேல்.

"சாப்பாட்டத்தான சோதிக்கச் சொன்னிய? இத மோக்கட்டுமான்னு கேட்டதுக்கு, 'இது மருந்துல்லா, ஒன் வேலையப் பாரு'ன்னிய."

இசக்கி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நம்ம கையவிட்டுப் போனதாலதாங்க புள்ள பொழச்சிருக்கு."

கிளம்பிய கப்பல் நடுவானில் திரும்பாது. பதிலை மட்டும்தான் அனுப்பலாம். சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. பேசு என்று அர்த்தம்.

நடந்ததைச் சொல்லி, மன்னித்துவிடு என்று கேட்கத்தான் குழந்தைவேல் நின்றான். "அல்லி..." என்றான். ஆனால் நாக்கு முந்திக்கொண்டது. பூமியிலும் செவ்வாயிலும் பெற்றவர்கள் பிள்ளைகளிடம் கேட்கும் அந்த ஒரு கேள்வியைத் தானாகவே நுனிக்குக் கொண்டுவந்தது.

"சாப்..."

பல்லைக் கடித்து நிறுத்தினான். வேறு ஏதாவது கேட்கலாமென்று நெடுநேரம் யோசித்தான். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மகளிடம் கேட்பதற்கு வேறு கேள்வி எதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.